வீட்டிலேயே மார்டினி: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

மார்டினியில் சேரும் மதுவகைகள் இரண்டே. பெரும்பங்கு ஜின்னும் சிறுபங்கு உலர் வெர்மூத்தும் (மூலிகை மணமூட்டிய, இனிப்பில்லாத திராட்சை மது) பனிக்கட்டியோடு சேர்த்துத் துழாவப்பட்டு, வடிகட்டப்பட்டு, நன்கு குளிர்ந்த கோப்பையில் ஊற்றப்படுகின்றன. மேலே எலுமிச்சைத் தோலோ ஓர் ஆலிவ் காயோ சேர்கிறது. பழச்சாறு, சர்க்கரைப் பாகு, சோடா எதுவும் இதில் இல்லை. அதனால் செய்முறையில் நேரும் சிறு பிழைகூட உடனே நாக்கில் தெரிந்துவிடும். புளிப்பும் இனிப்பும் உள்ள பானங்களில் பிழைகளை மூடிமறைக்க அவை உதவும். மார்டினிக்கு அந்த உதவி கிடையாது.

புதிதாகக் கலக்க முற்படுவோர் எந்த ஜின் வாங்குவது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் நான் சுவைத்த மோசமான வீட்டு மார்டினிகளில் ஜின்னால் கெட்டவை மிகக் குறைவு. வெர்மூத் திறந்து பல மாதம் ஆகியிருக்கும். பனிக்கட்டி போதாமல் இருந்திருக்கும். கோப்பை அறையின் சூட்டிலேயே இருந்திருக்கும். அல்லது கலக்கியவர் பத்து விநாடியில் கையை எடுத்திருப்பார். ஜின், வெர்மூத் ஆகியவற்றோடு இந்தப் பானத்துக்கு மூன்றாவதாக ஒரு மூலப்பொருள் உண்டு. அது பனிக்கட்டி உருகிச் சேரும் நீர். அந்த நீரை அளவறிந்து சேர்க்கக் கற்றுக்கொண்டவருக்கு மற்றவை எளிதில் கைவரும் என்பதால், இங்கே ஜின்னைவிடப் பனிக்கட்டிக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

பெயர் பற்றிச் சில சொற்கள்

1880-களில் வெளிவந்த அமெரிக்க மதுக்கலவைக் கையேடுகளில் 'மார்டினெஸ்' என்ற பானம் இடம்பெறுகிறது. அது இனிப்பூட்டிய ஜின்னும் இனிப்பு வெர்மூத்தும் சேர்ந்த, இன்றைய மார்டினியைவிடப் பல மடங்கு இனிப்பான கலவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் இனிப்பில்லாத ஜின்னும் பிரான்சின் வெளிர்நிற உலர் வெர்மூத்தும் பரவியபோது, 'ட்ரை மார்டினி' உருவெடுத்தது. 'ட்ரை' என்ற சொல் அப்போது இனிப்பில்லாதது என்றே பொருள்பட்டது. பின்னர் அது வெர்மூத்தைக் குறைத்து ஊற்று என்னும் பொருளுக்கு நகர்ந்தது. இன்று ஒருவர் 'மிகவும் ட்ரை' என்று கேட்டால் வெர்மூத் துளியளவே வேண்டும் என்று கொள்ள வேண்டும். 'வெட்' என்றால் வெர்மூத் தாராளமாக வேண்டும் என்று பொருள். இத்தாலியில் மார்டினி என்ற பெயரிலேயே வெர்மூத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றும் உண்டு. ஆகவே கடையில் அந்தப் பெயர் பொறித்த புட்டியைக் கண்டு, கலந்து வைத்த பானம் என்று எண்ணி வாங்கிவிட வேண்டாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் வெர்மூத்.

வெர்மூத்: அதிகம் புறக்கணிக்கப்படும் புட்டி

வெர்மூத் ஒரு திராட்சை மது. அதோடு சிறிது வலுவான ஆல்கஹாலைச் சேர்த்து, வார்ம்வுட் என்னும் கசப்பு மூலிகையும் வேறு பல வேர்களும் பட்டைகளும் பூக்களும் ஊறவைத்து மணமூட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அதில் குறைந்தது 75 சதவீதம் திராட்சை மது இருக்க வேண்டும், ஆல்கஹால் 14.5 முதல் 22 சதவீதத்துக்குள் அமைய வேண்டும். உலர் வெர்மூத் பெரும்பாலும் 17, 18 சதவீத அளவில் இருக்கும். இந்த எண்ணைப் பார்த்தாலே அதை எப்படிப் பேண வேண்டும் என்பது விளங்கிவிடும். ஜின்னைத் திறந்து ஓராண்டு அலமாரியில் வைத்தாலும் பெரிய கேடில்லை, ஏனெனில் அது காய்ச்சி வடித்த வலுவான மது. வெர்மூத்தோ திராட்சை மதுவின் இயல்பு கொண்டது. மூடியைத் திறந்த நாளிலிருந்து காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மணத்தைத் தின்னத் தொடங்குகிறது.

எனவே மூன்று பழக்கங்களைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்வது நல்லது. கிடைக்குமானால் 375 மில்லி சிறு புட்டியாக வாங்குங்கள். திறந்தவுடன் மூடியை இறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். திறந்த தேதியைப் புட்டியின் மேல் எழுதி ஒட்டிவிட்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கப் பாருங்கள். இரண்டு மாதத்தைத் தாண்டினால் மார்டினிக்குப் பயன்படுத்தாமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைத் திராட்சை மது கேட்கும் எந்தக் குழம்புச் சாறுக்கும் அது பொருந்தும். கெட்டுப்போன வெர்மூத்தை அடையாளம் காண்பது கடினமில்லை. புதிய புட்டியைத் திறந்த அன்று ஒரு வாய் தனியாகக் குடித்துப் பாருங்கள். பூமணமும் மெல்லிய கசப்பும் பழத்தின் புளிப்பும் தெரியும். சில வாரம் கழித்து மீண்டும் சுவைத்தால், அந்த மணங்கள் மங்கி, வெட்டிவைத்த ஆப்பிள் பழுப்பேறியதைப் போன்ற ஒரு மந்தச் சுவை தலைதூக்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வெர்மூத் தனக்குப் பிடிக்காது என்று சொல்லும் பலரும் நல்ல நிலையில் உள்ள வெர்மூத்தை ஒருமுறைகூடச் சுவைத்ததில்லை என்றே நான் கருதுகிறேன். அலமாரியில் பல மாதம் நின்ற புட்டியால் கெட்ட பெயர் வந்தது. அந்தக் கெட்ட பெயரால் மார்டினியில் வெர்மூத் குறைந்துகொண்டே போனது. குறைவாக ஊற்றுவதால் புட்டி தீராமல் இன்னும் பழையதானது. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர எளிய வழி, புதிய புட்டியைத் திறந்து தாராளமாக ஊற்றுவதுதான்.

தொடங்குவதற்கு இரண்டு பிரெஞ்சு வெர்மூத்துகள் ஏற்றவை. நொய்லி பிராட், 1813-இல் ஜோசப் நொய்லி உருவாக்கிய செய்முறையின் வழிவந்தது. அதன் அடிப்படை மதுவை ஓக் பீப்பாய்களில் அடைத்துத் திறந்தவெளியில் வெயிலிலும் மழையிலும் முதிர விடுகிறார்கள் என்பதால் சுவையில் சற்றுக் கனமும் கொட்டைப்பருப்பின் சாயலும் இருக்கும். ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஷாம்பெரி நகரின் டோலின் வெர்மூத் மெலிதானது, மலைமூலிகை மணம் கொண்டது. மென்மையான மார்டினி விரும்புவோருக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

ஜின்

ஜின் என்பது சுவையற்ற தூய மதுவுக்கு ஜூனிப்பர் என்னும் புதர்ச்செடியின் காய் மணத்தை முதன்மையாக ஏற்றிய பானம். கொத்தமல்லி விதை, ஏஞ்சலிகா வேர், ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல் முதலியவை துணைக்கு வரும். 'லண்டன் ட்ரை' என்பது ஒரு தயாரிப்பு முறையின் பெயர். லண்டனில்தான் செய்யப்பட வேண்டும் என்பதில்லை. மணப்பொருள்கள் அனைத்தும் வடித்தலின்போதே சேர்க்கப்பட வேண்டும், பின்னர் சுவையோ நிறமோ கூட்டக் கூடாது, சர்க்கரை லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பவை அதன் விதிகள். முதல் மார்டினிக்கு இந்த வகையே சரியானது. பீஃபீட்டர், டாங்கரே, கார்டன்ஸ் போன்ற பழைய பெயர்கள் ஜூனிப்பர் மணத்தைத் தெளிவாகக் காட்டுவதால், மார்டினியின் சுவை எப்படி இருக்க வேண்டும் என்பதை அவற்றைக் கொண்டு கற்றுக்கொள்ளலாம். ரோஜா, வெள்ளரி, பெர்ரி முதலிய தனிமணங்கள் தூக்கலாக உள்ள ஜின்களைப் பிறகு முயன்று பாருங்கள்.

புட்டியில் பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் ஜின்னுக்குக் குறைந்தபட்ச ஆல்கஹால் 37.5 சதவீதம், அமெரிக்காவில் 40. மார்டினிக்கு 43 முதல் 47 சதவீதம் உள்ள ஜின் நன்றாக அமையும். நீர் சேர்ந்த பின்னும் மணத்தைத் தாங்கி நிற்கும் வலு அதற்கு இருக்கும். 37.5 சதவீத ஜின்னில் செய்தால், சரியாகத் துழாவினாலும் சற்று வெளுத்துப்போன சுவையே மிஞ்சும்.

பனிக்கட்டி செய்யும் வேலை

பனிக்கட்டி பானத்தைக் குளிர்விப்பது அது தானே குளிர்ந்திருப்பதால்தான் என்று தோன்றும். உண்மையில் பெரும்பகுதிக் குளிர்ச்சி அது உருகுவதால் வருகிறது. உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இருந்த ஒரு கிராம் பனிக்கட்டி, உருகாமல் 0 டிகிரி வரை சூடேறும்போது ஏறத்தாழ 38 ஜூல் வெப்பத்தையே பானத்திலிருந்து உறிஞ்சுகிறது. அதே ஒரு கிராம் கட்டி உருகி நீராகும்போது 334 ஜூல் உறிஞ்சுகிறது. முன்னதைப் போல ஒன்பது மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, பானம் குளிர வேண்டுமென்றால் கட்டி உருகியே ஆக வேண்டும். கட்டி உருகினால் நீர் சேர்ந்தே ஆக வேண்டும். குளிர்ச்சியும் நீரும் ஒன்றையொன்று பிரியாமல் சேர்ந்தே வருகின்றன.

இதை விளங்கிக்கொண்டால், நீர்த்துவிடும் என்று பயந்து துழாவலைச் சீக்கிரம் நிறுத்தும் பழக்கம் தானே விலகிவிடும். 43 சதவீத ஜின் 60 மில்லியும் 18 சதவீத வெர்மூத் 12 மில்லியும் சேர்த்தால் 72 மில்லி கலவையின் வலு கிட்டத்தட்ட 39 சதவீதம். அப்படியே குடித்தால் தொண்டையை எரிக்கும். மணம் எதுவும் தெரியாது. 25 மில்லி அளவுக்கு நீர் சேர்ந்ததும் அது 29 சதவீதத்துக்கு இறங்குகிறது. அப்போதுதான் ஜூனிப்பரின் மணமும் வெர்மூத்தின் பூமணமும் தனித்தனியே தெரிகின்றன. நல்ல மார்டினியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இப்படி உருகிச் சேர்ந்த நீர்தான்.

கட்டி 0 டிகிரியில் உருகினாலும் பானம் அதற்குக் கீழே இறங்கும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். உப்புத் தூவிய பனிக்கட்டி மேலும் குளிர்வதைப் போலவே, ஆல்கஹால் கலந்த நீரின் உறைநிலையும் தாழ்கிறது. முறையாகத் துழாவிய மார்டினி 0-வுக்குக் கீழே சில டிகிரிவரை சென்றுவிடும்.

கட்டிகள் எப்படி இருக்க வேண்டும்? ஒவ்வொன்றும் 2.5 முதல் 3 செண்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக இருந்தால் போதும். சிலிக்கான் அச்சுகளில் எளிதாக உறையவைக்கலாம். அளவைவிட முக்கியமானது அவை காய்ந்திருப்பது. உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் மேற்புறம் பொடிபூத்தாற்போல் வெண்மையாக இருக்கும். அதுவே ஏற்ற நிலை. மேசைமேல் கால்மணி நேரம் கிடந்து பளபளவென்று ஈரம் கோத்த கட்டிகளின் மேலுள்ள நீர், குளிர்ச்சி எதுவும் தராமலே பானத்தில் இறங்கிவிடும். குளிரில்லாமல் நீர்த்த மார்டினி பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. இன்னொன்று: பனிக்கட்டி அக்கம்பக்கத்து மணங்களை ஈர்த்துக்கொள்ளும். பூண்டு சேர்ந்த உணவும் மீனும் இருக்கும் உறைபெட்டியில் திறந்த தட்டில் உறைந்த கட்டி, அந்த மணத்தை அப்படியே கோப்பைக்குக் கொண்டுவரும். உறைந்ததும் கட்டிகளை மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். குடிக்கச் சுவையாக இருக்கும் நீரையே உறையவையுங்கள்.

கருவிகளும் கோப்பையும்

கருவிகளுக்காகப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அரை லிட்டர் கொள்ளும் கனமான கண்ணாடிக் குவளை, நீண்ட கைப்பிடியுள்ள கரண்டி, மில்லி லிட்டர் குறித்த சிறு அளவுக் குவளை, ஒரு வடிகட்டி, கூர்மையான தோல்சீவி ஆகியவை போதும். கரண்டி கிடைக்காவிட்டால் உணவு எடுத்து உண்ணும் சாப்ஸ்டிக் குச்சிகளில் ஒன்றைக்கொண்டும் துழாவலாம். அளவுக் குவளையை மட்டும் தவிர்க்க வேண்டாம். கண்ணளவில் ஊற்றுபவருக்கு இன்று சரியாக வந்தது நாளை வராது. ஏன் வரவில்லை என்பதும் தெரியாது.

கோப்பை சிறியதாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 120 முதல் 150 மில்லி கொள்ளும் கோப்பை போதுமானது. கூம்பு வடிவமோ, வாய் அகன்ற கிண்ண வடிவமோ, உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்ளுங்கள். 250 மில்லி கொள்ளும் பெரிய கூம்புக் கோப்பையில் ஊற்றினால், பாதி குடிப்பதற்குள் மீதி வெதுவெதுத்துவிடும். மார்டினியில் வெப்பம் ஏறினால் ஆல்கஹாலின் எரிச்சலே முன்னால் நிற்கும். காம்புள்ள கோப்பையைக் காம்பிலேயே பிடிப்பதும் கைச்சூடு ஏறாமல் இருக்கத்தான். கலக்கத் தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பாவது கோப்பையை உறைபெட்டியில் வைத்துவிடுங்கள்.

அளவைப் பற்றிப் பேசும்போது இதையும் நேராகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 60 மில்லி ஜின்னும் 12 மில்லி வெர்மூத்தும் சேர்ந்த ஒரு கோப்பையில் தூய ஆல்கஹால் ஏறத்தாழ 22 கிராம் உள்ளது. அமெரிக்கக் கணக்கில் ஒரு நிலையான மதுவளவு 14 கிராம். பிரிட்டனில் ஓர் அலகு 8 கிராம். அதாவது ஒரு கோப்பை என்று எண்ணிக் குடிப்பது, ஒன்றரைக்கும் சற்று மேற்பட்ட அளவாகவோ மூன்று அலகுக்குச் சற்றுக் குறைவாகவோ இருக்கிறது. வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். பக்கத்தில் நீர் வைத்துக்கொள்ளுங்கள். குடித்தபின் வண்டி ஓட்டுவதை எண்ணவே வேண்டாம். இரண்டு கோப்பை வேண்டும் என்று தோன்றும் மாலையில் 45 மில்லி ஜின்னும் 9 மில்லி வெர்மூத்துமாகச் சிறிய கோப்பைகள் இரண்டு கலப்பது நல்லது. விகிதம் மாறாது, ஒவ்வொன்றும் கடைசித் துளிவரை குளிர்ச்சியாக இருக்கும்.

கலக்கும் முறை

எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்துக்கொண்ட பின்னரே தொடங்குங்கள். பனிக்கட்டி குவளையில் விழுந்த கணத்திலிருந்து உருகத் தொடங்கிவிடும் என்பதால், அதன்பின் ஜின் மூடியைத் திருகிக்கொண்டும் வடிகட்டியைத் தேடிக்கொண்டும் நிற்கக் கூடாது.

முதலில் வெர்மூத்தை அளந்து வெற்றுக் குவளையில் ஊற்றுங்கள்: 12 மில்லி. விலை குறைந்ததை முதலில் ஊற்றுவது பழைய பழக்கம். அளவு தவறினால் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்கலாம். ஆரஞ்சு பிட்டர்ஸ் (ஆரஞ்சுத் தோல் மணமுள்ள, துளித்துளியாகச் சேர்க்கும் கசப்புச் சாறு) இருந்தால், புட்டியை ஒருமுறை உதறி விழும் அளவைச் சேருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து மார்டினிகளில் அது வழக்கமாகவே இடம்பெற்றது. ஜின்னையும் வெர்மூத்தையும் இணைக்கும் வேலையை அது அழகாகச் செய்கிறது. இல்லாவிட்டாலும் குறையில்லை. அடுத்து ஜின் 60 மில்லி. ஜின் அறையின் சூட்டில் இருக்கலாம், குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததாகவும் இருக்கலாம். உறைபெட்டியில் வைத்ததாக மட்டும் இருக்க வேண்டாம். உறைபெட்டி ஜின் ஏற்கெனவே மிகவும் குளிர்ந்திருப்பதால் கட்டியை உருக்காது, நீர் சேராது, வலு குறையாமல் கடுமையான பானமே கிடைக்கும்.

இப்போது குவளையின் முக்கால் பங்குக்கு வரும்படி பனிக்கட்டியை நிரப்புங்கள். கட்டிகள் திரவத்துக்கு மேலே எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மூன்று கட்டிகளைப் போட்டுச் சிக்கனம் பிடித்தால் நீர்தான் அதிகம் சேரும், குளிர்ச்சி குறையும். கட்டிகள் நிறைய இருக்கும்போதுதான் பானம் விரைவாகவும் ஆழமாகவும் குளிரும்.

கரண்டியின் முதுகு குவளையின் உட்சுவரைத் தொட்டபடி இருக்க, அடிவரை இறக்கி, கட்டிகள் அனைத்தும் ஒரே கூட்டமாகச் சுழலும்படி அமைதியாகத் துழாவுங்கள். கரண்டிக் காம்பை விரல்களுக்கிடையே தளர்வாகப் பிடித்தால் அது தானே திரும்பிக்கொள்ளும். கட்டிகள் மோதி உடைபடும் சத்தம் கேட்கக் கூடாது. 30 விநாடியில் தொடங்கி, கட்டி பெரிதாக இருந்தால் 45 விநாடிவரை துழாவலாம். குவளையின் வெளிப்புறத்தில் பனிப்பூச்சு படரும். 30-ஆவது விநாடியில் கரண்டி நுனியால் ஒரு துளி எடுத்துச் சுவையுங்கள். எரிச்சல் முதலில் தெரிந்தால் இன்னும் பத்து விநாடி துழாவுங்கள். மணம் முதலில் தெரிந்தால் நிறுத்திவிடலாம்.

முதல் சில முறை ஒரு சிறு பயிற்சியைச் செய்து பார்க்கச் சொல்வேன். உள்ளே சென்றது 72 மில்லி. வடிகட்டும்போது நேராகக் கோப்பையில் ஊற்றாமல், குளிரவைத்த அளவுக் குவளையில் வடித்துப் பாருங்கள். 95 முதல் 100 மில்லிக்குள் இருந்தால் நீர் சரியாகச் சேர்ந்திருக்கிறது. 90-க்கும் குறைவாக இருந்தால் இன்னும் துழாவியிருக்க வேண்டும். 105-ஐத் தாண்டினால் கட்டிகள் ஈரமாக இருந்தன, அல்லது குறைவாக இருந்தன. நான்கைந்து முறை இப்படி அளந்து பார்த்தவருக்கு, பிறகு கையே நேரத்தைச் சொல்லிவிடும்.

அளந்ததும் உறைபெட்டியிலிருந்து கோப்பையை எடுத்து ஊற்றுங்கள். கோப்பையை முன்கூட்டியே எடுத்து மேசைமேல் வைக்க வேண்டாம்.

துழாவுவதா, குலுக்குவதா என்ற கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். குலுக்கினால் கலவை இன்னும் விரைவாகக் குளிரும், நீரும் அதிகம் சேரும். காற்றுக் குமிழ்களும் நுண்ணிய பனித்துணுக்குகளும் கலந்து கலங்கலாக வரும். பழச்சாறு சேரும் பானங்களுக்கு அந்த நுரைத்தன்மை தேவைப்படுகிறது. மார்டினியின் இன்பமோ அதன் தெளிவிலும் நாக்கில் பட்டுப்போல் வழுக்கும் கனத்திலும் இருக்கிறது. காற்றுக் குமிழ்கள் அதைக் கெடுத்துவிடுகின்றன. எனவே துழாவுங்கள் என்பதே என் விடை.

எலுமிச்சைத் தோலும் ஆலிவும்

இங்கே எலுமிச்சை என்று சொல்வது மஞ்சள் நிறத்துத் தடித்த தோலுள்ள லெமனை. பச்சை நிறத்துச் சிறிய லைம் பழத்தின் தோல் வேறு மணம் தரும். பழத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, தோல்சீவியால் இரண்டு விரல் அகலமும் ஒரு விரல் நீளமும் உள்ள பட்டையைச் சீவுங்கள். உட்புறத்து வெள்ளைச் சதை கசக்கும். அது ஒட்டியிருந்தால் கத்தியால் வழித்துவிடுங்கள். பட்டையின் மஞ்சள் புறம் பானத்தைப் பார்க்கும்படி கோப்பைக்கு மேலே பிடித்து, நீளவாக்கில் மடித்து அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் பானத்தின் மேல் விழும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தச் சிதறலைப் பார்க்கவும் முடியும். பட்டையைக் கோப்பைக்குள் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நான் போடுவதில்லை, ஊறஊறக் கசப்பு ஏறுகிறது.

ஆலிவ் போடுவதென்றால், உப்புநீரில் ஊறிய பச்சை ஆலிவை எடுத்துச் சுத்தமான நீரில் ஒருமுறை அலசி, குச்சியில் குத்திக் குளிரவைத்துப் போடுங்கள். எண்ணெயில் ஊறிய ஆலிவ் பானத்தின் மேல் எண்ணெய்த் திட்டுகளை மிதக்கவிடும். எலுமிச்சைத் தோல் மார்டினிக்கு வெளிச்சம் கூட்டுகிறது, ஆலிவ் உப்புச் சுவையால் கனம் கூட்டுகிறது. இரண்டையும் ஒரே கோப்பையில் சேர்ப்பதால் பயனில்லை.

விகிதங்களும் கிளைகளும்

ஐந்துக்கு ஒன்று என்ற மேற்கண்ட விகிதம் தொடக்கப் புள்ளிதான். இரண்டாவது முறை மூன்றுக்கு ஒன்று என்று, அதாவது 54 மில்லி ஜின்னுக்கு 18 மில்லி வெர்மூத் சேர்த்துக் கலந்து பாருங்கள். மூன்றாவது முறை சரிபாதி: 36-க்கு 36. இதற்கு ஃபிஃப்டி-ஃபிஃப்டி என்று பெயர். வலு குறைவானதால் துழாவலையும் சில விநாடி குறைத்துக்கொள்ளுங்கள். புதிய வெர்மூத்தில் செய்த ஃபிஃப்டி-ஃபிஃப்டியைப் போல மார்டினியின் மனத்தைத் திறந்துகாட்டும் கோப்பை வேறில்லை என்பது என் எண்ணம். வலுவான மதுவுக்குப் பழகாதவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்னும் மிகவும் ட்ரையான விகிதங்களில் ஜின்னின் தரம் முழுதும் வெளிப்பட்டுவிடும்.

ஆலிவுக்குப் பதிலாக வினிகரில் ஊறிய முத்து வெங்காயத்தைப் போட்டால் அது கிப்சன். ஆலிவ் ஊறிய உப்புநீரைச் சேர்த்தால் டர்ட்டி மார்டினி. 5 மில்லியில் தொடங்கி ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனெனில் புட்டிக்குப் புட்டி உப்பின் அளவு மாறும். ஜின்னுக்குப் பதில் வோட்கா ஊற்றினால் வோட்கா மார்டினி; அதில் மூலிகை மணத்துக்கு வெர்மூத்தை விட்டால் வேறு வழியில்லை என்பதால் அதன் பங்கைக் குறைக்காமல் இருப்பதே நல்லது. உலர் வெர்மூத்தில் பாதியை இனிப்பு வெர்மூத்தால் மாற்றினால் பெர்ஃபெக்ட் மார்டினி.

விருந்தினர் வரும் நாளில்

ஆறேழு பேருக்கு ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருந்தால், முதல் கோப்பை கடைசிக் கோப்பைக்காகக் காத்திருந்து சூடாகும். அன்றைக்கு உறைபெட்டி முறையைக் கையாளலாம். 750 மில்லி கொள்ளும் சுத்தமான புட்டியில் 500 மில்லி ஜின்னும் 100 மில்லி வெர்மூத்தும் ஊற்றி, அதோடு 100 மில்லி குடிநீரைச் சேர்த்து மூடிக் குலுக்கிவிட்டு, உறைபெட்டியில் குறைந்தது ஆறு மணி நேரம் வையுங்கள். இங்கே கட்டி உருகுவதில்லை என்பதால் நீரை நாமே அளந்து ஊற்ற வேண்டும். அதை மறந்தவரின் கோப்பை பச்சை ஜின்னாகவே இருக்கும். 43 சதவீத ஜின்னானால் கலவையின் வலு 33 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதனால் கெட்டியாக உறைந்துவிடாது. வலு குறைந்த ஜின்னானால் பனித்துகள்கள் தோன்றக்கூடும். புட்டியைச் சற்று நேரம் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் அவை கரைந்துவிடும். புட்டியை விளிம்புவரை நிரப்பாமல் மேலே சிறிது இடம் விடுங்கள்.

இப்படிக் குளிர்ந்த மார்டினி துழாவியதைவிடக் கெட்டியாக, பாகுபோல ஊற்றும். மைனஸ் 18 டிகிரியில் மணங்கள் அடங்கிக் கிடப்பதால், கோப்பையில் ஊற்றி எலுமிச்சைத் தோலை அழுத்திய பின் இரண்டு மூன்று நிமிடம் மேசைமேல் விட்டு, கோப்பையின் வெளிப்புறப் பனிப்பூச்சு ஈரமாக மாறத் தொடங்கும்போது விருந்தினரிடம் கொடுங்கள்.